ஓட்ஸ் தவிடு கசக்கிறது: நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது, மழை மாதத்தில் எங்கே வைப்பது?

லிந்துலை மழைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் கொலஸ்ட்ரோல் கூடுதல் என்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கூடவே காலையில் ஓட்ஸ் தவிடு ஒன்றிரண்டு கரண்டி சேர்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். டவுனுக்குப் போனபோது ஒரு கடையில் கால் கிலோ நிறுத்து வாங்கினேன், பொலித்தீன் பையில் கட்டி மேலே பேனையால் 'ஓட் பிரான்' என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் நாளே கசப்பு. "மருந்துதானே, கசக்கத்தான் செய்யும்" என்று அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு கிழமை குடித்தார். பிறகுதான் நான் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் பொறுத்துத் தொண்டையின் அடியில் பழைய எண்ணெய் பூசின மாதிரி ஒரு கசப்பு வந்தது, தண்ணீர் குடித்தும் போகவில்லை.

அப்புறம் சுப்பர் மார்க்கெட்டில் பக்கற்றில் அடைத்தது ஒன்று வாங்கினேன். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திறந்து, வாயை மடித்து, உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றைப் போட்டு வைத்தேன். மூன்று கிழமை கழித்துக் கையை விட்டால் உள்ளே கட்டி கட்டியாக இருக்கிறது. இங்கே மலையகத்தில் ஜூன், ஜூலையில் உடுப்பே நாலு நாள் காயாது, உப்புப் போத்தலில் உப்பு அழுகிறது. இந்தக் குளிரில் எதுவும் கெடாது என்று நினைத்தது என் பிழை போல.

கசப்பது இயல்பா, கெட்டதா? வாங்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே வைப்பது? அடுப்புக்கு மேலே பரணில் வை என்கிறார் அம்மா.

வெலிமடை அக்கா

தங்கச்சி, கசப்பு இயல்பில்லை. நல்ல ஓட்ஸ் தவிட்டை வெறும் வாயில் மென்றால் லேசாக இனிக்கும், கொட்டைப் பருப்பின் வாசம் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். நீங்கள் சொல்கிற 'கொஞ்சம் பொறுத்து, தொண்டையின் அடியில்' என்ற கசப்பு, காறல் எடுத்துவிட்டதற்கு, அதாவது எண்ணெய் கெட்டுவிட்டதற்கு அடையாளம்.

மாடு வைத்திருந்த வீடு என்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆலையிலிருந்து சூடாக வந்த அரிசித் தவிடு முதல் நாள் என்ன இனிப்பாக மணக்கும், பத்து நாள் சாக்கில் கிடந்த பிறகு மூக்கைப் பிடிக்கும். மாடே முகத்தைத் திருப்பும். ஓட்ஸுக்கும் அதே கதைதான், இன்னும் மோசம் என்றும் சொல்லலாம், ஏனென்றால் தானியங்களில் ஓட்ஸில்தான் எண்ணெய் கூட. தவிட்டில் 100 கிராமுக்கு 7 கிராம் அளவு கொழுப்பு இருக்கும். அதோடு அந்தக் கொழுப்பை உடைக்கிற நொதியும் மணியின் வெளிப்பக்கத்திலேதான் நிறைய, அதாவது தவிட்டிலே. எண்ணெயும் அதை உடைக்கிற ஆளும் ஒரே வீட்டில்.

அதனால்தான் ஒழுங்கான ஆலையில் உமி நீக்கிய பிறகு மணியை ஆவியில் வேக வைத்து, சூட்டில் உலர்த்தி, அந்த நொதியை முடக்கிவிட்டுத்தான் அரைத்துச் சலிப்பார்கள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்யாத சரக்கு புதிதாக இருக்கும்போதே கசக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். நிறுத்து வாங்கினது பார்க்க எப்படி இருந்தது? வெளிர் கிரீம் நிறத்தில், மாவும் சின்னச் செதிலுமாக, இடையிடையே கபிலப் புள்ளி போலவா, அல்லது செங்கபில நிறத்தில் மரத்தூள் மாதிரி லேசான செதிலாகவா?

டிரையர் மாமா

முப்பது வருடம் தேயிலை ஃபெக்டரியில் இருந்தவன் நான். ஓட்ஸ் எனக்குத் தெரியாது, மனைவி சாப்பிடுகிறார், நான் ரொட்டிக்காரன். ஆனால் அக்கா சொன்ன நொதி விசயம் நமக்குப் புதிதில்லை. கொழுந்தை அரைத்து விட்டுவிட்டால் அது பாட்டுக்குப் புளித்துக்கொண்டே போகும். டிரையருக்குள் போய்ச் சூடு பட்டால்தான் நிற்கும். நேரத்துக்கு டிரையரில் போடாத தேயிலையை என்ன செய்தாலும் சரிப்படுத்த முடியாது. ஓட்ஸ் ஆலைக்காரன் ஆவி பிடிப்பதும் அதே கணக்குத்தான் என்று விளங்குகிறது.

ஈரத்துக்கு வருகிறேன். டிரையரிலிருந்து வரும் தேயிலையில் ஈரப்பதம் 3 சதவீதம் அளவுதான் இருக்கும். மழைநாளில் திறந்து வைத்தால் ஒரே இரவில் அது எவ்வளவு இழுத்துக்கொள்ளும் என்பதை ஃபெக்டரியில் வேலை செய்தவனிடம் கேட்க வேண்டும். தவிடும் அப்படித்தான் இழுக்கும், செதில் செதிலாக இருப்பதால் காற்றுப் படுகிற இடம் அதிகம். கிளிப் ஒரு மூடியே இல்லை மகள். மடித்த இடத்தில் இரண்டு பக்கமும் காது மாதிரித் திறந்துதான் கிடக்கும்.

கையால் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பொத்திவிட்டு விரியுங்கள். உதிர்ந்து விழுந்தால் காய்ந்த சரக்கு. உருண்டையாக நின்றால் ஈரம் ஏறியிருக்கிறது. ஃபெக்டரியில் ஈரம் அளக்கிற மீட்டர் எத்தனை வந்தாலும் பழைய ஆட்கள் முதலில் கையைத்தான் விடுவார்கள்.

பரணுக்கு நான் எதிர்ப்பு. அதைப் பிறகு சொல்கிறேன், பேரன் போனைக் கேட்கிறான்.

லிந்துலை மழைக்காரி

அக்கா, நிறுத்து வாங்கினதில் ஒரு பிடி மிச்சம் இருந்தது, இப்போதுதான் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். செங்கபிலம். மரத்தூள் என்று நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுப் பார்த்தால் வேறு எதுவுமாகத் தெரியவில்லை. பக்கற்றில் வந்தது வெளிர் நிறம், கையில் மாவு ஒட்டுகிறது.

வெலிமடை அக்கா

அப்படியென்றால் ஒரு சோதனை செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை. இரண்டு கோப்பை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி போட்டு, அரைக் கோப்பை கொதிநீர் ஊற்றிக் கலக்கி மூடி வையுங்கள். ஓட்ஸ் தவிட்டில் பீட்டா குளூக்கான் என்ற கரையும் நார் இருக்கிறது, அது தண்ணீரைப் பிடித்துக் கொழகொழவென்று ஆகும். கோதுமைத் தவிட்டில் அது மிகக் குறைவு, அதன் நார் பெரும்பாலும் கரையாத வகை. எது எது என்று கரண்டியே சொல்லிவிடும்.

லிந்துலை மழைக்காரி

செய்தேன், செய்தேன்! பக்கற் சரக்கு ஐந்து நிமிடத்தில் கஞ்சி. கரண்டியைத் தூக்கினால் வெண்டிக்காய் நறுக்கின கத்தி மாதிரி வழுவழுவென்று ஒரு நூல் தொங்குகிறது. மற்றக் கோப்பையில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது, பால் இல்லாத பிளேன்டி நிறம் வந்துவிட்டது, செதில் பாதி மேலே மிதக்கிறது, பாதி அடியில் படிந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒரு கிழமை நான் குடித்தது இதையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார், இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பண்டாரவளைக் கடை

சாமான் கடையில் வேலை செய்கிறேன், எந்தக் கடை என்று கேட்காதீர்கள். மழைக்காரிக்குச் சொல்ல வேண்டியது, அந்தக் கடைக்காரர் ஏமாற்றவே செய்தார் என்று சொல்ல முடியாது. 'பிரான்' என்றால் தவிடு, அவ்வளவுதான் எங்களில் பலருக்குத் தெரியும். சாக்கில் வருவது கோதுமைப் பிரானா ஓட் பிரானா என்று பிரித்துப் பார்க்கிற ஆள் குறைவு, டவுனில் ஓட்ஸ் தவிடு கேட்டு வருகிறவரும் மாதத்துக்கு இரண்டு பேர். பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. கேட்கிற ஆள் இல்லாத சரக்கு சாக்கில் கிடக்கும். வாய் திறந்த சாக்கு, பக்கத்தில் கருவாடு, சவர்க்காரம். எனக்கே தெரிந்து ஆறு மாதம் கிடந்த சாக்கு உண்டு. அதனால் இந்தச் சாமானை மட்டும் நிறுத்து வாங்காதீர்கள். பருப்பு, கடலை என்றால் பரவாயில்லை.

பக்கற்றில் வாங்கினாலும் ஒன்றைக் கவனியுங்கள். பொதி செய்த திகதி வேறு, உற்பத்தித் திகதி வேறு. பெரிய பையாக இறக்குமதி செய்து இங்கே சின்னச் சின்னதாகக் கட்டும்போது, கட்டின நாளைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று நகத்தால் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். உற்பத்தி நாடு, இறக்குமதியாளர் பெயர் முகவரி, தொகுதி இலக்கம் எல்லாம் இருக்கிற பக்கற்றாக எடுங்கள். தட்டில் முன்னால் இருப்பது பழையது, புதியதைப் பின்னால்தான் அடுக்குவோம். இதைச் சொன்னதற்கு முதலாளி என்னைத் திட்டுவார்.

சும்மா கேட்கிறேன்

எல்லாம் சரி. ஆனால் இந்த ஓட்ஸ் தவிடு ஏன்? எங்கள் பாட்டி குரக்கன் (கேழ்வரகு) கூழ் குடித்து எண்பது வயது வரை மலை ஏறினார். இரு மடங்கு விலை கொடுத்து வெளிநாட்டுத் தவிடு வாங்கி, கட்டி பிடிக்கிறது என்று கவலைப்படுவதை விடக் குரக்கனோ சாதாரண ஓட்ஸோ சாப்பிட்டால் போகிறது. விளம்பரத்துக்கு மயங்குகிறோம்.

பழைய நேர்ஸ்

உங்கள் பாட்டி மலை ஏறினதே பாதி மருந்து, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை நீங்கள்.

குரக்கன் நல்ல தானியம், கல்சியம் நிறைய, நான் மறுக்கவில்லை. ஆனால் கொலஸ்ட்ரோல் விசயத்தில் வேலை செய்வது அந்தக் கொழகொழப்பு. அது குடலில் பித்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறது, ஈரல் புதிதாகப் பித்தம் செய்ய இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை எடுக்கிறது. குரக்கனில் அந்த வகை நார் ஓட்ஸ் அளவுக்கு இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997 இல் ஓட்ஸுக்கு இந்த விசயத்தைப் பக்கற்றில் எழுத அனுமதித்தபோது சொன்ன அளவு, ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளூக்கான்.

இனிக் கணக்குப் பாருங்கள். சாதாரண ஓட்ஸில் அது 4 சதவீதம் அளவு, ஆகவே 3 கிராமுக்கு 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். தவிடு என்று சொல்வதற்கு அமெரிக்கத் தானிய வேதியியலாளர் சங்கம் 1989 இல் வைத்த வரையறைப்படி குறைந்தது 5.5 சதவீதம் இருக்க வேண்டும், அப்படியானால் 55 கிராம் போதும். வித்தியாசம் உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. விலை இரு மடங்கு என்றால் நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான், ஓட்ஸே சாப்பிடலாம். தவிடு யாருக்கு நல்லது என்றால், காலையில் ஒரு கோப்பைக்கு மேல் இறங்காத வயதானவர்களுக்கு, பிறகு ரொட்டியிலும் கஞ்சியிலும் கலந்து ஒப்பேற்றுகிறவர்களுக்கு. பார்லியையும் மறக்காதீர்கள், அதிலும் இதே நார் இருக்கிறது, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மழைக்காரிக்கு ஒன்று. ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ் தவிடு 6 கிராம் அளவுதான். ஒன்றிரண்டு கரண்டியால் அந்த 3 கிராமில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் வரும். அதற்காக நாளைக்கே பத்துக் கரண்டி போட்டு விடாதீர்கள், வயிறு ஊதி அம்மா இன்னும் ஒரு மாதம் பேசமாட்டார். கிழமைக்கு ஒரு கரண்டி என்று கூட்டுங்கள், தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தக்கூடாது. தவிட்டால் இறங்குவது மாத்திரையால் இறங்குவதோடு பார்த்தால் கொஞ்சம்தான், இரண்டும் சேர்ந்து ஓடட்டும். இரும்புச் சத்து மாத்திரையோ தைரொயிட் மாத்திரையோ குடிப்பவர் என்றால் தவிட்டோடு சேர்த்து விழுங்க வேண்டாம், இடைவெளி விட வேண்டும், எவ்வளவு என்று கிளினிக்கில் கேளுங்கள். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு குடிப்பதும் அதே பிழைதான். தோட்டத்தில் எத்தனை பேரிடம் சொல்லி நான் தோற்றிருக்கிறேன்.

சும்மா கேட்கிறேன்

கணக்கு நன்றாக இருக்கிறது. பார்லிக்குப் போகிறேன். பாட்டி விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மஸ்கெலியா தம்பி

லேபலில் நார்ச்சத்து எவ்வளவு இருந்தால் நல்லது? நான் பார்த்த ஒரு பக்கற்றில் 100 கிராமுக்கு 40க்கு மேல் போட்டிருந்தது, அதுதானே சிறந்தது?

வெலிமடை அக்கா

இதில்தான் பலர் விழுவார்கள் தம்பி. 40க்கு மேல் என்றால் அது அநேகமாகக் கோதுமைத் தவிடு. ஓட்ஸ் தவிட்டில் 100 கிராமுக்கு 15, 16 கிராம் என்ற அளவில்தான் நார் வரும், அதில் மூன்றில் ஒரு பங்காவது கரையும் வகையாக இருக்க வேண்டும். மீதி மாவும் புரதமும்தான், அதனால் கையில் ஒட்டுகிறது. 'ஓட் ஃபைபர்' என்று ஒன்று வருகிறது, அதில் எண்பதுக்கு மேல் இருக்கும், அது உமியை அரைத்தது. பெயரில் ஓட் இருந்தாலும் நமக்கு வேண்டிய சாமான் அதில் இல்லை. நார் கூடக் கூட நல்லது என்று எண் பார்த்து வாங்கினால் உமிக்குத்தான் காசு கொடுப்போம்.

சேர்மானம் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும். சீனி, மால்ட், வாசனை எல்லாம் வரிசையாக வந்தால் அது பிள்ளைகளுக்கான செரியல், தவிடு பெயருக்குத்தான்.

இன்னொன்று, பக்கற்றை அமர்த்திக் காற்றுப் போகிறதா என்று பாருங்கள். மூலையில் தூசு மாதிரி மாவு கசிந்திருந்தால் அந்தப் பக்கற்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

டிரையர் மாமா

வந்துவிட்டேன். பரண் கதை.

எங்கள் தோட்ட லயத்து வீட்டில் அம்மா மிளகாய், விதை போஞ்சி, குரக்கன் எல்லாம் அடுப்புக்கு மேலேதான் வைப்பார். விறகடுப்பின் சூட்டில் ஈரம் அண்டாது, புகைக்குப் பூச்சி வராது, அதெல்லாம் உண்மை. குரக்கன் முழுமணி, தோல் மூடியிருக்கிறது, எண்ணெயும் குறைவு. தவிடு அப்படியில்லை, உடைத்துத் திறந்து வைத்த சாமான். சூடு பட்டால் எண்ணெய் சீக்கிரம் காறும். மனைவி போன வருடம் ஓட்ஸை அங்கே வைத்து எடுத்தார், கஞ்சி முழுக்க யூகலிப்டஸ் விறகுப் புகை மணம். தேயிலை எந்த மணத்தையும் இழுக்கும் என்பதால் ஃபெக்டரிக்குள் சவர்க்காரக் கட்டி கூடக் கொண்டுவர விடமாட்டோம். இதற்கும் அந்தச் சட்டத்தைப் போடுங்கள்.

மழைக்காரி ஒன்று சரியாகச் சொன்னார், ஒன்று பிழை. நம் குளிர் காறலுக்கு நல்லதுதான். நுவரெலியா 1,868 மீட்டர், அங்கே சராசரி 16 பாகை அளவு, கொழும்புக்காரன் காசு கொடுத்து ஏசி போட்டாலும் அது கிடைக்காது. ஆனால் பனியும் தூறலும் நாள் முழுக்க. குளிர் காறலைத் தள்ளிப்போடும், ஈரம் பூஞ்சணத்தைக் கூப்பிடும். நமக்கு எதிரி ஈரம்தான்.

பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கதை மாறும். எங்களுக்கு மழை கொட்டுகிற ஜூலை, ஓகஸ்டில் ஊவாவில் காய்ந்த காற்று வீசும். அக்காவுக்கு அப்போது கட்டி பிடிக்காது. அவருக்குப் பயம் வருட முடிவில் மழை பிடிக்கிறபோதுதான்.

வெலிமடை அக்கா

அப்படியே மாமா. டிசம்பரில் என் வீட்டிலும் உப்பு அழும்.

மஸ்கெலியா தம்பி

அப்போது ஃபிரிட்ஜில் வைத்தால் எல்லாம் முடிந்ததே? குளிரும் உண்டு, மழையும் இல்லை.

வெலிமடை அக்கா

வைக்கலாம், நல்லதும்தான், ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. குளிர்ந்த போத்தலை வெளியே எடுத்து உடனே திறந்தால் குசினியின் ஈரக் காற்று உள்ளே போய் வியர்க்கும். கேத்தல் கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் நின்று திறந்தால் கேட்கவே வேண்டாம். தினமும் இப்படிச் செய்தால் ஃபிரிட்ஜில் வைத்தே கட்டி பிடிக்க வைக்கலாம்.

நான் செய்வது இது. பக்கற் வந்தவுடன் ஒரு கிழமை ஃபிரீசரில் போடுவேன், பூச்சி முட்டை ஏதும் இருந்தால் சாகட்டும் என்று. பிறகு வெளியே எடுத்து, திறக்காமல், அரை நாள் அப்படியே விடுவேன், வெளிச்சூட்டுக்கு வந்த பிறகுதான் கத்தரி. பத்து நாளுக்கு வேண்டியதை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு அலுமாரியில் இருட்டில் வைப்பேன். மீதியை இறுக்கிக் கட்டி ஒரு டப்பாவுக்குள் போட்டுத் திரும்ப ஃபிரீசருக்கு. பெரிய பையை மாதத்தில் மூன்று தடவைதான் திறக்கிறேன். கரண்ட் போனால் என்ன என்று கேட்காதீர்கள், சில மணி நேரத்தால் ஒன்றும் ஆகாது, கதவைத் திறக்காமல் விட்டால் சரி.

ஃபிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் கவலைப்பட வேண்டாம், 200, 250 கிராம் பக்கற்றாக வாங்கி ஒரு மாதத்தில் முடியுங்கள். மலிவு என்று ஒரு கிலோ பை வாங்குவதுதான் வீண் செலவு.

பண்டாரவளைக் கடை

பால்மா டின்? எல்லார் வீட்டிலும் இருக்கிறதே.

டிரையர் மாமா

பால்மா டின்னின் பிளாஸ்டிக் மூடி ஈரத்துக்கு லொடக்கு. மூடிக்கு அடியில் பொலித்தீன் ஒன்றை விரித்து இறுக்கினால் பாவிக்கலாம். திருகுமூடிப் போத்தல்தான் கெட்டி, ரப்பர் வளையம் போட்ட டப்பா என்றால் இன்னும் நல்லது. கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காய வையுங்கள், திருகுப் புரிக்குள் ஒரு சொட்டு நின்றாலும் போதும் கெடுக்க. அரிசியைக் கருக்காமல் வறுத்து, ஆறவிட்டு, துணியில் முடிச்சாகக் கட்டி உள்ளே போடுவது மனைவியின் வழக்கம். வறுத்த அரிசியில் ஈரம் போய்விட்டதால் கொஞ்சம் இழுக்கும். மாதம் ஒருமுறை திரும்ப வறுக்க வேண்டும், அதை மறந்தால் முடிச்சு அலங்காரத்துக்குத்தான்.

பழைய தவிட்டின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள், அடியில் கிடக்கிற காறல் மேலே வரும். ஈரக் கரண்டி போட்டால் என் மனைவியிடம் அடி.

லிந்துலை மழைக்காரி

கட்டி பிடித்த பக்கற்றை என்ன செய்வது? பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியவில்லை. வறுத்து எடுத்தால் சரிவருமா? கட்டியை உடைத்துப் பார்க்கும்போது இன்னொன்றும் பார்த்தேன். கண்ணாடிப் போத்தலில் போட்டு ஜன்னல் பக்கம் பிடித்தால், தூசு நகருகிற மாதிரி வெளிர் நிறத்தில் மிகச் சின்னதாக ஏதோ ஊர்கிறது. வண்டு இல்லை, வண்டின் கால்வாசி கூட இருக்காது.

வெலிமடை அக்கா

அது தூசுப்பேன் வகை. கடிக்காது, ஆனால் ஈரத்திலும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணத்திலும்தான் வாழும், அது ஊர்கிறது என்றால் பூஞ்சணம் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். வறுத்தால் ஈரம் போகும், பூச்சி சாகும், பூஞ்சணம் விட்டுவைத்தது போகாது. காறலும் அப்படித்தான், வறுத்தால் மணம் மறையும், கெட்டது கெட்டதே. வீசிவிடுங்கள் தங்கச்சி, கோழிக்கும் போட வேண்டாம். அலுமாரித் தட்டைத் துடைத்துக் காய விடுங்கள், பக்கத்தில் இருந்த ரவை, கோதுமை மா எல்லாவற்றையும் ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள்.

நல்ல தவிட்டை வறுத்துச் சாப்பிடுவது வேறு விசயம், மெல்லிய நெருப்பில் வாசம் வரும் வரை. ஆனால் அன்றன்றைக்கு வறுங்கள், வறுத்து வைத்தது இன்னும் சீக்கிரம் காறும்.

சும்மா கேட்கிறேன்

அந்தக் கடைக்காரரை விட்டுவிடுவதா? நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது, எடுத்துச் சொல்லுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐயிடமும் சொல்லலாம்.

லிந்துலை மழைக்காரி

இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன். ஆனால் முதலில் நேரில் போனேன், நேற்று. மிச்சம் இருந்த பிடியைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தேன். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போனேன், பஸ்ஸிலேயே வசனம் எல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு. அவர் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டார். மென்றார். ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, "தம்பி, அந்தச் சாக்கை இங்கே கொண்டு வா" என்றார். சாக்கைத் தேடிப் பார்த்தால் லேபலில் கோதுமை என்றே அச்சடித்திருக்கிறது, யாரும் வாசிக்கவில்லை. காசைத் திருப்பித் தந்தார், ஒரு தேத்தண்ணியும் வந்தது. பாடம் பண்ணின வசனம் எல்லாம் வீண்.

இப்போது 200 கிராம் பக்கற் ஒன்று, ஹோர்லிக்ஸ் போத்தல், மூடியில் பிளாஸ்டர் ஒட்டித் திறந்த திகதி எழுதியிருக்கிறேன். அம்மா பேசுகிறார். போத்தலைத் திறந்து முதலில் மோந்து பார்க்கிறார், ஒரு கிள்ளு மென்று பார்க்கிறார், அப்புறம்தான் கோப்பைக்குள் போடுகிறார். நேற்று என் தேயிலை டின்னையும் மோந்துவிட்டு, "இதுவும் பழசு" என்றார்.

டிரையர் மாமா

அம்மாவின் மூக்கு நல்ல மூக்கு. ஃபெக்டரிக்கு அனுப்புங்கள்.

மஸ்கெலியா தம்பி

கடைசியாக ஒரு கேள்வி. தேங்காய் ரொட்டிக்குள் தவிடு போட்டேன், மா கையில் பிசின் மாதிரி ஒட்டுகிறது, தட்டவே முடியவில்லை. என்ன பிழை?

வெலிமடை அக்கா

மாவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போட்டிருப்பீர்கள், அல்லது பிசைந்தவுடன் தட்டியிருப்பீர்கள். தவிட்டை முதலில் கொஞ்சம் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு மாவும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசையுங்கள். அதற்கு மேல் தண்ணீர் வேண்டுமா என்று கடைசியில் பாருங்கள், பெரும்பாலும் வேண்டாம். உயரத்தில் தண்ணீர் 94, 95 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் கஞ்சி என்றால் பக்கற்றில் எழுதியிருப்பதை விட இரண்டு நிமிடம் கூட வையுங்கள்.

பழைய நேர்ஸ்

தேங்காய்ப்பூவை அளவாகப் போடுங்கள் தம்பி. கொலஸ்ட்ரோலுக்குத் தவிடு போட்டு, அதற்குள்ளேயே அரைத் தேங்காயையும் துருவினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மஸ்கெலியா தம்பி

கால் தேங்காய்தான் போட்டேன் அக்கா. சரி, முக்கால்.